லிஃப்ட் தண்டும் மாமனாரும்

லிஃப்ட் தண்டில் விரிசல் இருப்பது தெரியவந்தபோது காலை மணி ஏழு இருபது. மாமனாருடைய ரயில் பத்து மணிக்கு.

பரிசோதகர் மொட்டைமாடியில், லிஃப்ட் இயந்திரம் இருக்கும் அறையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் குடியிருப்பின் செயலாளர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். இரண்டு நாளாக லிஃப்ட் மேலே ஏறும்போதெல்லாம் வயதான நாய் தூக்கத்தில் முனகுவதுபோல ஒரு சத்தம்.

"உங்க தொழிலே இதுதானே சார். வேலைக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு பார்வை பார்த்துடுங்க" என்று செயலாளர் கேட்டிருந்தார்.

தொழில் அதுதான். இரும்புக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் விரிசலைக் கண்டுபிடிப்பது. அவருடைய கருவி, காதுக்குக் கேட்காத ஒலியை உலோகத்துக்குள் அனுப்பும். அது எங்கே மோதித் திரும்பி வருகிறது என்பதைத் திரையில் படமாகக் காட்டும். பாலம், கொதிகலன், ரயில் அச்சு என்று பத்தொன்பது வருடமாக அவர் பார்க்காத இரும்பு கிடையாது. சொந்த வீட்டு லிஃப்டைத்தான் இதுவரை பார்த்ததில்லை.

பெரிய சக்கரத்தைத் தாங்கும் தண்டின் முனையைத் துடைத்தார். ஒலியைக் கடத்தும் ஜெல்லைத் தடவி, கருவியின் தீப்பெட்டி அளவுள்ள முனையை அதில் வைத்து அழுத்தினார். ஒலி தண்டின் அடுத்த கோடிவரை போய்த் திரும்ப வேண்டும். பாதி வழியிலேயே திரும்பிவிட்டது. திரையில் ஒரு சிவப்புக் கறை.

"என்ன சார், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"கொஞ்சம் பொறுங்க."

மறுபடி துடைத்தார். மறுபடி தடவினார். கருவி முனையைச் சுற்றிச் சுற்றி வைத்துப் பார்த்தார். கறை ஒரு பக்கத்தில் மட்டும்தான் வந்தது. வந்த இடத்தில் அழுத்தமாக வந்தது.

"விரிசல்" என்றார்.

செயலாளர் குனிந்து பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"தெரிஞ்சா அதுக்குப் பேரு உடைசல். இது உள்ள இருக்கு. பாதிக்கு மேல ஓடியிருக்கு."

"அப்ப லிஃப்ட் ஓடாதா?"

"ஓடும். எது வரைக்கும்னு அதுக்குத்தான் தெரியும்."

பரிசோதகர் எழுந்து மின்சாரத்தை நிறுத்தினார். பையிலிருந்து 'ஓட்டக்கூடாது' என்ற சிவப்பு அட்டையை எடுத்துக் கதவில் மாட்டினார். எந்த ஊரிலும் எந்த ஆலையிலும் செய்வதுதான், கை பழக்கத்தில் செய்துவிட்டது. அட்டை ஆடி நின்ற பிறகுதான் ஆறாவது மாடியில், தன் வீட்டு வாசலில், கட்டிவைத்த இரண்டு பெட்டிகள் நிற்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

*

மாமனார் பத்து நாள் இருந்துவிட்டுப் போக வந்தவர். வந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. நாற்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஓய்வு பெற்றும் கிரேன் அவரைவிட்டு இறங்கவில்லை. சாப்பாட்டு மேசையில் குழம்புப் பாத்திரத்தை நகர்த்தச் சொல்வதற்கும் கையைத் தூக்கி, கட்டைவிரலை மடக்கி, "இடது... இன்னும் இடது... இறக்கு" என்பார். குளியலறைக்குள் போனால் நாற்பது நிமிடம். பரிசோதகரின் செய்தித்தாளை அவருக்கு முன்னால் பிரித்து, படித்து, குறுக்கெழுத்தையும் தப்பாகப் போட்டு வைத்திருப்பார். கெட்ட மனிதர் இல்லை. வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இருந்தார், அவ்வளவுதான்.

மனைவியின் அண்ணன் வீட்டுக்கு அவரை அனுப்ப டிக்கெட் எடுத்து ஒரு மாதம் ஆகிறது. பரிசோதகர் வெளியே சொல்லவில்லையே தவிர, நாள்காட்டியில் அந்தத் தேதியை மட்டும் தினமும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாமனார் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டு, முழங்காலில் பட்டை சுற்றி, தயாராக உட்கார்ந்திருந்தார். மனைவி வழிச்சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, லிஃப்ட் நின்னுடுச்சு."

"யாரு நிறுத்தினது?"

"நான்தான்."

மனைவி கட்டுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு அப்போது புரியவில்லை.

"ஆறு மாடி" என்றார் மாமனார். "நாலு படி இறங்கினா முழங்கால் கழண்டு கையில வந்துடும், மாப்பிள்ளை. சரி, விடுங்க. இன்னொரு நாள் போயிக்கலாம்."

"இல்ல மாமா" என்றார் பரிசோதகர், கொஞ்சம் வேகமாகவே. "அதெல்லாம் வழி இருக்கு."

வழியின் பெயர் தூண். கூட வேலை செய்பவர். உருவத்தைப் பார்த்துச் சக ஊழியர்கள் வைத்த பெயர். இரண்டு தெரு தள்ளி இருந்தார். எட்டேகாலுக்கு வந்து, மாமனாரை ஒரு பார்வை, நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார்.

சாப்பாட்டு மேசை நாற்காலியில் மாமனாரை உட்கார வைத்தார்கள். தூண் கீழ்ப்பக்கம், பரிசோதகர் மேல்பக்கம். கயிறு கட்டலாமா என்று மனைவி கேட்டாள்.

"கயிறெல்லாம் வேண்டாம். நான் சைகை கொடுக்கிறேன்" என்றார் மாமனார்.

நாற்பது வருடம் மேலே உட்கார்ந்து கீழே நிற்பவனின் சைகைக்கு ஓட்டியவர், முதல் முறையாகத் தானே சரக்காகவும் தானே சைகைக்காரராகவும் ஆனார். "இறக்கு. மெதுவா. வலது. நிறுத்து. சொன்னா நிறுத்தணும்பா, ஆட விடக்கூடாது." பத்துப் படி நன்றாகவே போயிற்று. ஐந்தாவது மாடித் திருப்பத்தில் "இடது" என்றார் மாமனார். யாருடைய இடது என்று சொல்லவில்லை. தூண் தன் இடதுக்கும் பரிசோதகர் தன் இடதுக்கும் திரும்பினார்கள்.

தூண் "அம்மா" என்று மெல்ல ஒரு வார்த்தை சொன்னார். நாற்காலியைப் பத்திரமாகத் தரையில் வைத்தார். பிறகு அதே குனிந்த நிலையில் அப்படியே நின்றார்.

"நிமிருங்க" என்றார் பரிசோதகர்.

"முடியல."

"இடுப்பா?"

"இடுப்புன்னு ஒண்ணு இருந்துச்சு."

சத்தம் கேட்டுக் கதவுகள் திறந்தன. ஐந்தாவது மாடிக்காரர்கள் நான்கு பேர் சேர்ந்து, இன்னும் ஐந்து மாடி இறக்கப் பயந்து, மாமனாரை நாற்காலியோடு திரும்ப மேலே தூக்கிவந்தார்கள். பிறகு அதே நாற்காலியைக் கீழே கொண்டுபோய், தூணை அதில் பக்கவாட்டில் சாய்த்து, அவரையும் மேலே தூக்கிவந்தார்கள். மேலேதான் சோபா இருந்தது. ரயில் பத்து மணிக்குச் சரியாகக் கிளம்பிப் போனது.

ஒரு விருந்தாளியை அனுப்பப் போன பரிசோதகருக்கு இப்போது இரண்டு விருந்தாளிகள்.

*

மத்தியானம் மனைவி அவரைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"ஏங்க, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்வீங்களா? நிஜமாவே விரிசல் இருக்கா?"

"இருக்கு."

"சரி. இருக்கட்டும்." அவள் சிரித்தாள். "அப்பா போறது உங்களுக்கும் கஷ்டமா இருக்குன்னு எனக்கு இப்பதாங்க புரிஞ்சுது. வாயைத் திறந்து சொல்ல மாட்டீங்க. லிஃப்டை நிறுத்திடுவீங்க."

பரிசோதகர் மறுப்பதற்கு வாயைத் திறந்தார். கல்யாணமான பதினொரு வருடத்தில் அவள் அவரை இப்படிப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

அதுதான் அவர் செய்த தப்பு. மறுநாளுக்குள் அவள் அண்ணனுக்குப் போன் செய்து சொன்னாள். எதிர்வீட்டு அம்மாளிடம் சொன்னாள். அப்பாவிடமும் சொன்னாள். மாமனார் வந்து மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க மனசு தெரியாம நான் பெட்டியைக் கட்டிட்டேனே, மாப்பிள்ளை."

"அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல மாமா" என்றார் பரிசோதகர். அது உண்மை. ஆனால் அடக்கமாகப் போய்ச் சேர்ந்தது.

மச்சானிடமிருந்து போன் வந்தது. "அவசரமே இல்ல மாப்பிள்ளை. லிஃப்டை நிதானமா ரிப்பேர் பண்ணச் சொல்லுங்க. இங்க நாங்க எல்லாருமே காலையில போனா பொழுது சாஞ்சுதான் வர்றோம். அவரு இங்க இருந்தாலும் சுவரைத்தான் பார்த்துட்டு இருக்கணும்."

மூன்றாம் நாள் செயலாளர் லிஃப்ட் கம்பெனி மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு ஆறாவது மாடிக்கு வந்தார். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. மெக்கானிக் ஏற்கெனவே தண்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"விரிசல் எல்லாம் இல்ல சார். அந்த இடத்துல தண்டோட பருமன் மாறுது. அந்த விளிம்புல மோதி ஒலி திரும்பியிருக்கும். எல்லாக் கருவியும் அங்க ஏமாறும்."

"விளிம்புன்னா சுத்திவர ஒரே மாதிரி காட்டணும்" என்றார் பரிசோதகர். "இது ஒரு பக்கம் மட்டும்தான் காட்டுது."

"இருபது வருஷமா லிஃப்ட் பார்க்கிறேன்."

"பத்தொன்பது வருஷமா விரிசல் பார்க்கிறேன்."

செயலாளர் இருமினார். "சார், தப்பா நினைக்காதீங்க. கட்டடம் முழுக்க ஒரு பேச்சு ஓடுது. உங்களுக்கு மாமனார் மேல பாசம்னா வீட்டுக்குள்ள காட்டுங்க. எங்க லிஃப்ட்ல காட்டாதீங்க."

பரிசோதகருக்குக் காது சிவந்தது. எதை மறுப்பது என்று அவருக்குப் புரியவில்லை. பாசம் இல்லை என்று சொன்னால் உள்ளே மனைவிக்குக் கேட்கும். இருக்கிறது என்றால் விரிசல் பொய்யாகிவிடும்.

மெக்கானிக் ஒரு தாளை நீட்டினார். "நீங்க கேட்கிற புதுத் தண்டு வர நாளாகும். அதுவரைக்கும் ஓட்டலாம்னு, அட்டை மாட்டின நீங்களே ஒரு கையெழுத்துப் போட்டா போதும். அதுகூட வேண்டாம், ஒரே ஒரு தடவை இறக்கலாம்னு எழுதுங்க. பெரியவரை இறக்கிடுவோம். உங்க பிரச்சினையும் தீர்ந்தது, உங்க மேல இருக்கிற பேச்சும் தீர்ந்தது."

பரிசோதகர் பேனாவை எடுத்தார். திறந்த கதவு வழியே வீட்டைப் பார்த்தார். சோபாவில் தூண் ஒருக்களித்துப் படுத்து, மாத்திரை மயக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். ரேடியோ கத்திக்கொண்டிருந்தது. செய்தித்தாள் தாள்தாளாகப் பிரிந்து கிடந்தது. ஒரே ஒரு தடவை. ஆறு மாடி. நாற்பது விநாடி. இத்தனை நாள் தாங்கிய தண்டு இன்னும் நாற்பது விநாடி தாங்காதா? பெரும்பாலும் தாங்கும்.

அந்தப் பெரும்பாலும் என்ற சொல்லைத்தான் அவர் பத்தொன்பது வருடமாக எந்தத் தாளிலும் எழுதியதில்லை.

பேச்சுக் குரல் கேட்டு மாமனார் தானே வாசலுக்கு வந்திருந்தார். ஒரு கையில் தடி. மறுகையால் சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட் கதவருகே போய், பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைபோல நின்றார்.

"ஏறட்டுமா, மாப்பிள்ளை?"

பரிசோதகர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் போட்டார்.

"வேண்டாம் மாமா. உள்ள போங்க."

"அவ்வளவுதானே" என்றார் மாமனார், மெக்கானிக்கைப் பார்த்து. "இவரு சொன்னா சொன்னதுதாம்பா. என் கிரேன் கொக்கியை இவரை மாதிரி ஒருத்தர் பார்த்திருந்தா, நான் நாற்பது வருஷம் நிம்மதியா வேலை பார்த்திருப்பேன். ஒவ்வொரு பாரத்தைத் தூக்கும்போதும் கீழ எவன் நிக்கிறான்னு பார்த்துப் பார்த்தே என் கண்ணு போச்சு."

அன்றைக்கு மறுபடி பெட்டிகளைப் பிரித்தார்கள்.

*

புதுத் தண்டு வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அந்தப் பன்னிரண்டு நாளும் கட்டடத்தில் யாரும் பரிசோதகருக்குக் காலை வணக்கம் சொல்லவில்லை. சொல்ல மூச்சு மிச்சமில்லை என்பதும் ஒரு காரணம். ஏழு, எட்டு மாடிக்காரர்கள் ஆறாவது மாடியில் நின்று, அவருடைய கதவைப் பார்த்துக்கொண்டே மூச்சு வாங்கினார்கள். இரண்டாம் நாளே மாமனார் அங்கே மூன்று நாற்காலியும் ஒரு குடம் தண்ணீரும் வைத்துவிட்டார். சாயங்காலமானால் வாசலில் ஆறேழு பேர் உட்கார்ந்து, மருமகனைத் திட்டிக்கொண்டே மாமனார் கொடுக்கும் தண்ணீரைக் குடித்தார்கள்.

"திட்டுங்க, பரவாயில்ல. ஆனா உயிரோட உட்கார்ந்து திட்டுறீங்க பாருங்க" என்பார் மாமனார்.

ஐந்தாம் நாள் தூண் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு பரிசோதகரும் மனைவியும் காலையில் வேலைக்குப் போய்விட்டால் மாமனார் வீட்டில் தனியாகத்தான் இருந்தார். வாசலைத் தாண்டி ஒரு படிகூட இறங்க முடியாமல் அடைபட்டுக் கிடக்கிறாரே என்று மனைவி தினமும் வருந்தினாள். பரிசோதகருக்கும் மனசு கேட்கவில்லை. வேலை முடிந்து வரும்போது ஒருநாள் பெரிய எழுத்துக் குறுக்கெழுத்துப் புத்தகம் வாங்கி வந்தார். இன்னொரு நாள் முழங்காலுக்குத் தைலம் வாங்கி வந்தார். தானே தேய்த்தும் விட்டார்.

"இன்னும் கொஞ்சம் கீழ... இறக்கு... நிறுத்து" என்றார் மாமனார் கண்ணை மூடிக்கொண்டு. பரிசோதகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் காலையிலேயே மெக்கானிக்கும் ஆட்களும் புதுத் தண்டைப் பொருத்தினார்கள். பழையதைச் சாயங்காலம் முற்றத்துக்கு இறக்கினார்கள். செயலாளர் எல்லோரையும் வரச்சொல்லியிருந்தார்.

"சார், உங்க விரிசலைக் காட்டுங்க. எல்லாரும் பார்க்கட்டும்."

மெக்கானிக் தண்டின் இரண்டு பக்கமும் கட்டை கொடுத்துவைத்து, பெரிய சம்மட்டியை எடுத்தார். "இது நல்ல உருக்கு. சாயங்காலம் வரைக்கும் அடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிக்கொண்டே ஓங்கினார்.

முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது அடிக்கு, மந்தமான சத்தம் ஒன்று கேட்டு, தண்டு இரண்டாகக் கிடந்தது.

உடைந்த முகத்தை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். முக்கால்வாசி கறுத்து, எண்ணெய் ஊறி, பழசாக இருந்தது. எப்போதோ பிளந்து, நாளுக்கு நாள் உள்ளே தின்றுகொண்டே வந்த இடம். மிச்சமிருந்த கால்வாசி மட்டும், இப்போது சம்மட்டி அடியில் உடைந்தது, பளபளவென்று வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளையில்தான் அத்தனை பேரும் ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

மெக்கானிக் சம்மட்டியைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

செயலாளர்தான் பேசினார். "அன்னிக்குக் காலையில என் ரெண்டு பிள்ளைங்களும் இதுலதான் சார் ஸ்கூலுக்கு இறங்கிப் போனாங்க." பரிசோதகரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கு ஆறாவது மாடி வாசலுக்கு லிஃப்டிலேயே ஏறி வந்து எட்டுக் குடும்பம் வணக்கம் சொல்லிவிட்டுப் போனது. மாமனார் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தார். யாருக்கும் தாகம் இல்லை. ஆனாலும் குடித்தார்கள்.

*

மறுநாளுக்கே டிக்கெட் கிடைத்தது. மாமனாரே சொல்லி எடுக்க வைத்தார். "லிஃப்ட்தான் சரியாயிடுச்சே. இனிமே என்ன சாக்கு சொல்லிட்டு இருக்க முடியும்?" என்றார் சிரித்துக்கொண்டு.

பெட்டிகளைப் பரிசோதகர் முதலில் கீழே கொண்டுவந்து வாடகைக் காரில் ஏற்றினார். மாமனாரும் மகளும் பின்னால் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். மேலே அழுகை நடந்துகொண்டிருக்கும், நேரமாகும் என்று தெரியும். மூன்று மாதமாகக் காத்திருந்த காலை. அவர் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. எங்கேயோ பாதி வழியில் நின்றுவிட்டதுபோல இருந்தது.

கட்டடத்தின் கீழ்த்தளத்தையும் பின்பக்கத்தையும் பெருக்கும் அம்மாள் துடைப்பத்தோடு வந்து, பெட்டிகளைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"பெரியவரு ஊருக்கா சார்?"

"ஆமாம்மா. லிஃப்ட் சரியாகட்டும்னுதான் இத்தனை நாள் இருந்தாரு. பாவம், முழங்காலை வச்சுக்கிட்டு வீட்டை விட்டு வெளிய வர முடியாம ரொம்பக் கஷ்டப்பட்டாரு."

அந்த அம்மாள் துடைப்பத்தைக் கைமாற்றிக்கொண்டு அவரை விசித்திரமாகப் பார்த்தாள்.

"என்ன சார் சொல்றீங்க, ஒரு வாரமா தினமும் பதினோரு மணிக்குப் பின்பக்கத்து இரும்புப் படியில ஆறு மாடியும் இறங்கி வந்து, தோட்டத்தை நாலு சுத்து சுத்திட்டு, கடகடன்னு ஏறிப் போயிடுவாரே, லிஃப்ட் சரியாயிடுச்சுன்னு நேத்து நான் சொன்னப்பதானே மொத தடவையா அந்தப் படியில உட்கார்ந்தாரு."